கடல் நாய் சொன்ன சாட்சி

பூச்சி மருந்தின் ஆபத்தை எடுத்துச் சொன்ன ரேச்சல் கார்சன் அம்மையாரின் வரலாறு

உலகத்தின் தென்கோடியில் அண்டார்டிகா என்று ஒரு கண்டம் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் பனிக்கட்டி. அங்கே வயல் கிடையாது. தோட்டம் கிடையாது. கொசுவும் கிடையாது. பூச்சி மருந்துக்கு அங்கே வேலையே இல்லை.

1966-ம் ஆண்டு ஒரு செய்தி வெளியாயிற்று. அண்டார்டிகாவில் வாழும் பெங்குவின் பறவைகளின் உடலில் டி.டி.டி. இருக்கிறது, ஒரு கடல் நாயின் உடலிலும் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

கொசுவையும் பூச்சியையும் கொல்வதற்காக ஊர் ஊராகத் தெளித்த மருந்து அது. தென்கோடிக்கு எப்படிப் போயிற்று?

இந்தக் கேள்விக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்மணி பதில் எழுதி வைத்திருந்தார். நஞ்சு தெளித்த இடத்தில் நிற்காது. காற்றில் போகும், நீரில் போகும், ஓர் உயிரை விட்டு இன்னோர் உயிருக்குத் தாவும் என்று அவர் எழுதினார். பலர் அவரைக் கேலி செய்தார்கள். தென்கோடிக் கடல் நாய் அவருக்குச் சாட்சியாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அவர் பெயர் ரேச்சல் கார்சன்.

கடலைப் பார்க்காத சிறுமி

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் ஸ்பிரிங்டேல் என்று ஒரு சிற்றூர். அங்கே 1907-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி ரேச்சல் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. ஓர் அக்காள், ஓர் அண்ணன்.

தகப்பனார் ராபர்ட்டுக்கு 65 ஏக்கர் நிலம் இருந்தது. கையில்தான் காசு இல்லை. நிலத்தை மனை போட்டு விற்கப் பார்த்தார். வாங்குவதற்கு ஆள் வரவில்லை. இன்சூரன்ஸ் வேலை பார்த்தார். அதிலும் பெரிய வருமானம் இல்லை.

தாயார் மரியா படித்தவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுப்பார். மகளை அழைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போவார். பறவைகளையும் செடிகளையும் பேர் சொல்லிக் காட்டுவார். வீட்டுக்குள் ஒரு பூச்சி வந்துவிட்டால்கூட அடிக்க மாட்டார். பிடித்து வெளியே விட்டுவிடுவார். பிற்காலத்தில் இந்த மகள் பூச்சி மருந்துக் கம்பெனிகளை எதிர்த்து நின்றாள் என்றால், அது அந்தத் தாயிடம் படித்த பாடம்தான்.

ரேச்சலுக்கு எழுதுவதில் ஆசை. 11 வயதில் அவர் எழுதிய கதை ஒரு சிறுவர் பத்திரிகையில் அச்சாயிற்று. எழுத்தாளராக வேண்டும் என்றுதான் கல்லூரியில் சேர்ந்தார். சம்பளம் கட்டப் பணம் இல்லை. தாயார் வீட்டில் இருந்த பீங்கான் பாத்திரங்களை விற்றுப் படிக்க வைத்தார்.

கல்லூரியில் உயிரியல் கற்பித்த ஆசிரியை ஒருவர் ரேச்சலின் மனத்தை மாற்றினார். இலக்கியத்தை விட்டு விஞ்ஞானப் படிப்புக்குப் போனார். 1929-ல் பட்டம் பெற்றார். அந்தக் கோடையில் உட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊரில் உள்ள ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். அங்கேதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 22. அன்று பிடித்த கடல் பைத்தியம் சாகும் வரை விடவில்லை.

குடும்ப பாரம்

1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்தார். மேலே படிக்க வசதி இல்லை. 1935-ல் தகப்பனார் இறந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு இவர் தலையில் விழுந்தது.

அமெரிக்க சர்க்காரின் மீன் துறையில் ரேடியோவுக்கு நிகழ்ச்சி எழுதும் தற்காலிக வேலை கிடைத்தது. பிறகு உத்தியோகப் பரீட்சை எழுதினார். பரீட்சை எழுதிய எல்லாரையும்விட அதிக மார்க் வாங்கினார். 1936-ல் நிரந்தர வேலை கிடைத்தது.

மறு ஆண்டே அக்காள் இறந்துபோனார். அக்காளின் இரண்டு பெண் குழந்தைகளும் இவரிடம் வந்து சேர்ந்தார்கள். வயதான தாய், இரண்டு குழந்தைகள், ஒரு சம்பளம். ரேச்சல் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

பகலில் ஆபீஸ் வேலை. இரவில் எழுத்து. 1941-ல் கடல் உயிர்களைப் பற்றிய முதல் புத்தகம் வெளிவந்தது. சில வாரங்களில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிற்று. புத்தகத்தை வாங்குவார் இல்லை. பத்து ஆண்டுகள் பொறுத்து 1951-ல் கடலின் வரலாற்றைச் சொல்லும் இரண்டாவது புத்தகம் வந்தது. அது அமோகமாக விற்றது. அதிகமாக விற்கும் புத்தகங்களின் பட்டியலில் 86 வாரங்கள் இருந்தது! பணம் வந்தது. பெயர் வந்தது. 1952-ல் வேலையை விட்டார். மேய்ன் மாகாணத்தில் சவுத்போர்ட் தீவின் கரையில் நிலம் வாங்கி, ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார். பாறைகளும் பாசியும் கடல் நாய்களும் உள்ள கரை அது.

சௌக்கியமாக உட்கார்ந்து கடலைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். நடந்தது வேறு.

நல்ல மருந்தா, நஞ்சா?

டி.டி.டி.யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அது பூச்சியைக் கொல்லும் என்று 1939-ல் கண்டுபிடித்தவர் பால் முல்லர் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி. அதற்காக 1948-ல் நோபல் பரிசு பெற்றார். கொடுத்தது தப்பு என்று சொல்ல முடியாது. யுத்த காலத்தில் பேன் மூலம் பரவிய விஷக் காய்ச்சலை அந்த வெள்ளைத் தூள் அடக்கிற்று. நம் நாட்டில் சுதந்திரம் வந்த சமயத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடி பேரை மலேரியா பிடித்தது. 8 லட்சம் பேர் செத்தார்கள். 1953-ல் வீடு வீடாக டி.டி.டி. அடிக்க ஆரம்பித்தார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பம்பு தூக்கிக்கொண்டு வந்து, சுவரில் மருந்து அடித்து, கதவோரம் தேதி எழுதிவிட்டுப் போனதைச் சொல்வார்கள். 1965 வாக்கில் மலேரியா நோயாளிகள் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள்.

இவ்வளவு நன்மை செய்த மருந்தில் என்ன கோளாறு?

அது அழியாது. வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் சிதையாது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சுவரில் அளவாக அடிப்பதோடு நிற்கவில்லை அமெரிக்கர்கள். விமானத்தில் ஏற்றி, காடு மேடு, தோட்டம், குளம் என்று பார்க்காமல் கொட்டினார்கள்.

1958 ஜனவரியில் ரேச்சலின் தோழி ஒருவர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்தது. கொசு ஒழிப்பு விமானம் வந்து போன பிறகு தம் தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்ததை அதில் எழுதியிருந்தார். 1945-லேயே டி.டி.டி. பற்றி எழுத ரேச்சல் முயன்றார். பத்திரிகை இடம் கொடுக்கவில்லை. இப்போது சும்மா இருக்க மனம் வரவில்லை. ஒரு கட்டுரை எழுதலாம் என்று ஆரம்பித்தார். நான்கு ஆண்டு உழைப்பாக அது வளர்ந்தது.

முக்குளிப்பான் செத்த கதை

அவர் சேகரித்த விஷயங்களில் கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள கிளியர் ஏரியின் கதை முக்கியமானது. அதைப் புரிந்துகொண்டால் கடல் நாயின் கதை தானே புரியும்.

அந்த ஏரியில் சின்னப் பூச்சிகளின் தொல்லை. கடிக்காது, ஆனால் மீன் பிடிக்க வந்தவர்களின் முகத்தில் மொய்த்தது. அதை ஒழிக்க, டி.டி.டி. வகையைச் சேர்ந்த, அதைவிடச் சாதுவான மருந்து என்று நம்பிய ஒன்றை 1949-ல் ஏரியில் கலந்தார்கள். பூச்சி மறுபடியும் வந்தது. 1954-ல் கொஞ்சம் கூட்டிக் கலந்தார்கள். எவ்வளவு? 5 கோடி பங்கு தண்ணீருக்கு 1 பங்கு மருந்து! ஐந்து பெரிய டேங்கர் லாரித் தண்ணீரில் 20 சொட்டு விட்டால் எவ்வளவோ அவ்வளவுதான். யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று எண்ணினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. நோய்க் கிருமி எதுவும் இல்லை. பறவையின் கொழுப்பைச் சோதித்தார்கள். 10 லட்சம் பங்கில் 1,600 பங்கு மருந்து இருந்தது. ஏரித் தண்ணீரில் விட்டதைப் போல 80,000 மடங்கு!

எப்படி ஏறியது? தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டன. அவற்றில் 10 லட்சத்தில் 5 பங்கு. அவற்றைச் சின்ன மீன் ஆயிரக்கணக்கில் தின்றது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்றது. மீனைப் பறவை தின்றது. தின்றது செரித்துப் போய்விடும். மருந்து மட்டும் கொழுப்பில் தங்கிவிடும். படிக்குப் படி கூடும். உச்சிப் படியில் இருப்பவனுக்கு மொத்தமும் வந்து சேரும். ஆயிரம் ஜோடிக்கு மேல் இருந்த முக்குளிப்பான்கள் 1960-ல் சுமார் 30 ஜோடியாகிவிட்டன.

மறைத்த நோய்

இந்த ஆண்டுகளில் வீட்டில் அடிமேல் அடி. 1957-ல் அக்காள் மகள் ஒருத்தி இறந்தாள். அவளுடைய 5 வயது மகனை ரேச்சல் தத்து எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு 50 வயது. 1958 டிசம்பரில் தாயார் இறந்தார்.

1960-ல் ரேச்சலுக்கு மார்பகத்தில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் நடந்தது. நோயின் உண்மையை டாக்டர் முதலில் அவரிடமே சரியாகச் சொல்லவில்லை. தெரிந்த பிறகு, ரேச்சல் அதை ஊருக்கு மறைத்தார். காரணம் உண்டு. புற்றுநோய்க்கும் ரசாயனங்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அந்தப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தனக்கு நோய் என்று தெரிந்தால், ஆத்திரத்தில் எழுதுகிறாள் என்று எதிரிகள் தட்டிக் கழித்துவிடுவார்கள் அல்லவா?

படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்துகொண்டே எழுதி முடித்தார். 1962 ஜூனில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. செப்டம்பர் 27-ந் தேதி புத்தகமாக வந்தது. மௌன வசந்தம் என்பது அதன் பெயர். பறவைகள் எல்லாம் செத்து, வசந்த காலம் வந்தும் கூவுவதற்குக் குருவி இல்லாத ஊர் என்று பொருள்.

ரசாயனக் கம்பெனிகள் கொதித்து எழுந்தன. ஒரு கம்பெனி வழக்குப் போடுவதாக மிரட்டியது. டாக்டர் பட்டம் இல்லாதவர் என்றார்கள். பதற்றக்காரி என்றார்கள். கம்யூனிஸ்ட் என்றுகூடச் சொன்னார்கள். கல்யாணம் ஆகாதவளுக்கு வருங்காலச் சந்ததியைப் பற்றி என்ன கவலை என்று கேட்டவர்களும் உண்டு. வீட்டில் ஒரு சிறுவனை வளர்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து இப்படிக் கேட்டார்கள்!

மருந்தையே ஒழிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இதைப் பலர் இன்றும் தவறாகச் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கொட்டாதீர்கள், ஆராய்ந்து பார்த்துப் பயன்படுத்துங்கள் என்பதே அவர் வேண்டுகோள்.

ஜனாதிபதி கென்னடி ஒரு விஞ்ஞானிகள் குழுவை விசாரிக்கச் சொன்னார். 1963 மே மாதம் குழுவின் அறிக்கை வந்தது. ரேச்சல் சொன்னது பெரும்பாலும் சரி என்று இருந்தது. ஜூன் மாதம் அமெரிக்க மேல் சபைக் குழுவின் முன்னால் சாட்சி சொல்லப் போனார். சிகிச்சையால் தலைமுடி உதிர்ந்து, பொய்முடி வைத்திருந்தார். நோய் எலும்பு வரை போயிருந்தது. அது சபையில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

1964-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி ரேச்சல் கார்சன் காலமானார். வயது 56. தத்துப் பிள்ளைக்கு அப்போது 12 வயது. அஸ்தியில் ஒரு பாதியைத் தாயாரின் சமாதிக்கு அருகே புதைத்தார்கள். மறு பாதியைச் சவுத்போர்ட் தீவின் கடலில் தூவினார்கள்.

குட்டி போடாத கடல் நாய்கள்

அவர் போன பிறகுதான் கடல் நாய்களின் கதை வெளிவந்தது.

கடல் நாயை ஆங்கிலத்தில் சீல் என்பார்கள். நாய் போன்ற முகம். துடுப்பு போன்ற கைகால்கள். மீன் தின்னும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும். 30 ஆண்டுகூட உயிர் வாழும். குளிர் தாங்குவதற்காகத் தோலுக்கு அடியில் இரண்டு மூன்று விரற்கடை கனத்துக்குக் கொழுப்பு இருக்கும். கிளியர் ஏரியில் முக்குளிப்பானுக்கு என்ன இடமோ, கடலில் இதற்கு அந்த இடம். உச்சிப் படி.

சுவீடன் நாட்டில் சோரன் ஜென்சன் என்று ஒரு ரசாயன விஞ்ஞானி. மீன்களிலும் கடற்பறவைகளிலும் டி.டி.டி. தேடிக்கொண்டிருந்தார். டி.டி.டி.யோடு கூடவே இனம் தெரியாத வேறொரு பொருளும் வந்துகொண்டே இருந்தது. 1944-ல் எடுத்து வைத்த கழுகின் இறகிலும் அது இருந்தது. தம் மனைவியின் தலைமுடியில் பார்த்தார், இருந்தது. பால்குடி மகளின் முடியில் பார்த்தார், அதிலும் இருந்தது! 1966-ல் ஆளைப் பிடித்துவிட்டார். அது பி.சி.பி. டிரான்ஸ்பார்மர் எண்ணெயிலும் பெயிண்டிலும் 1930 முதல் கலந்து வந்த பொருள். பூச்சி மருந்தே அல்ல. யாரும் அதை வயலில் தெளிக்கவில்லை. தொழிற்சாலைக் கழிவிலும் குப்பையிலும் இருந்து கடலுக்குப் போயிருக்கிறது.

சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவில் பால்டிக் கடல் இருக்கிறது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 80,000-க்கு மேல் சாம்பல் நிறக் கடல் நாய்கள் இருந்தன. மீனைத் தின்கிறது என்று சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று பரிசு கொடுத்துச் சுட்டார்கள். பாதிப் பழி துப்பாக்கியைச் சேரும். ஆனால் வேட்டை குறைந்த பிறகும் கூட்டம் பெருகவில்லை. 1970-களில் சுமார் 4,000 மட்டுமே மிஞ்சின.

ஏன் பெருகவில்லை? 1970-களில் அதே கடலில் வாழும் வளையக் கடல் நாய்களைச் சோதித்தார்கள். பத்துக்கு எட்டுப் பெண் நாய்கள் சினையாக இருக்க வேண்டிய காலத்தில், நாலில் ஒரு பங்குதான் சினையாக இருந்தன. பலவற்றுக்குக் கருப்பைக் குழாய் அடைத்துப் போயிருந்தது. அடைப்பு உள்ளவற்றின் கொழுப்பில் பி.சி.பி. அதிகமாக இருந்தது.

பி.சி.பி.தான் காரணமா? ஹாலந்தில் சோதித்துப் பார்த்தார்கள். 12 பெண் கடல் நாய்களுக்கு அசுத்தமான கரையோர மீனையும், வேறு 12-க்குத் தூரத்துக் கடலின் சுத்தமான மீனையும் கொடுத்தார்கள். சுத்தமான மீன் தின்றவற்றில் 10 சினையாயின. மற்றதில் 4 தான். 1986-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

மனத்தை வருத்தும் விஷயம் இன்னொன்று. வயது ஏற ஏற ஆண் கடல் நாயின் உடலில் நஞ்சு கூடிக்கொண்டே போகும். பெண் நாய்க்கு அப்படி இல்லை. பிரசவம் ஆனபின் குறையும். எங்கே போகிறது? பாலில் போகிறது. கடல் நாயின் பாலில் பாதி கொழுப்பு. அந்தக் கொழுப்போடு நஞ்சும் குட்டிக்கு இறங்கிவிடும். தாயின் உடம்பில் பல ஆண்டு சேர்ந்ததில் பெரும் பங்கு தலைச்சன் குட்டிக்குத்தான்.

தடைக்குப் பின்னால்

டி.டி.டி.யைச் சுவீடன் 1970-லும், அமெரிக்கா 1972-லும் தடை செய்தன. இந்தியாவில் விவசாயத்துக்கு 1989-ல் தடை வந்தது. பி.சி.பி.க்கும் 1970-களில் கட்டுப்பாடுகள் வந்தன. 2001-ல் பல நாடுகள் ஸ்டாக்ஹோம் நகரில் கூடி, அழியாத நஞ்சுகள் 12-ஐ ஒழிக்க ஒப்பந்தம் செய்தன. கொசு ஒழிப்புக்கு மட்டும் டி.டி.டி.க்கு விலக்குக் கொடுத்தார்கள். ரேச்சல் இருந்திருந்தால் ஆட்சேபித்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

நிறுத்திய மறுநாளே நஞ்சு போய்விடவில்லை. பால்டிக் கடல் நாய்களின் கொழுப்பில் டி.டி.டி. மளமளவென்று இறங்கிற்று. பி.சி.பி. மெல்ல மெல்ல இறங்கிற்று. பெண் நாய்களின் கருப்பை சீராவதற்கு இருபது முப்பது ஆண்டுகள் ஆயின. 2020 வாக்கில் எண்ணியபோது சாம்பல் நிறக் கடல் நாய்கள் சுமார் 40,000 இருந்தன. மீனவர்கள் மறுபடியும் புகார் சொல்லும் அளவுக்குக் கூட்டம் பெருகிவிட்டது! வடகோடியில் கனடாவின் கடல் நாய்களை 1972 முதல் சோதித்து வருகிறார்கள். அங்கேயும் இரண்டும் குறைந்திருக்கின்றன.

பழைய நஞ்சு இறங்கும்போதே புதியது ஏறியது. கறை படியாத துணிக்கும் தீயணைக்கும் நுரைக்கும் சேர்த்த ஒரு வகைப் புளோரின் ரசாயனம், உலகெங்கும் காட்டு உயிர்களில் பரவியிருப்பதை 2001-ல் இரண்டு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ஒருவர் ஜான் கீசி. மற்றவர் தமிழ்நாட்டில் படித்துப் போன குருந்தாசலம் கண்ணன். அவர்கள் சோதித்த உயிர்களில் கடல் நாய்களும் உண்டு. கிரீன்லாந்துக் கடல் நாய்களில் 2006 வாக்கில் அது உச்சத்துக்குப் போய், பிறகு இறங்க ஆரம்பித்தது. அதைச் செய்த பெரிய கம்பெனி உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2000-லேயே அறிவித்திருந்தது.

ரேச்சலின் அஸ்தியைத் தூவிய மேய்ன் கரையிலும் சோதித்தார்கள். 2000-க்குப் பிறகு அங்கே உள்ள கடல் நாய்களின் கொழுப்பை எடுத்துப் பார்த்தபோது பி.சி.பி. இருந்தது. டி.டி.டி.யின் மிச்சமும் இருந்தது. அமெரிக்கா அதைத் தடை செய்து அப்போது சுமார் 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.